பழைய ஷேவிங் பிரஷ்: கைப்பிடி இருப்பு, குஞ்சம் கழிவு



கடை ஒழிக்கும்போதும் வீட்டுப் பரணை இறக்கும்போதும் பழைய ஷேவிங் பிரஷ் ஒன்றிரண்டு கண்ணில் படாமல் இராது. கடைசல் பிடித்த மரப்பிடி, எலும்புப் பிடி, பேக்லைட் பிடி என்று பல தினுசு. இவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். செப்பனிட்டு விற்கலாமா என்று நம் அங்கத்தினர் சிலர் கேட்டனர். நாற்பது வருடமாக இந்தச் சரக்கை மொத்தமாக வாங்கி விற்றவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய கணக்கு. வியாபாரத்துக்கு வந்த புதிதில் ‘அசல் பேட்ஜர்’ என்று அச்சிட்ட பிரஷ் 5 டஜன் மலிவாகக் கிடைத்தது. பேட்ஜர் என்பது குளிர் நாடுகளில் வளை தோண்டி வாழும் பிராணி. அதன் முடி மிருதுவானது, நீரை நன்றாகப் பிடிக்கும், விலையும் அதிகம். நான் பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் விற்றேன். பதினைந்து நாளில் ஒரு சலூன்காரர் தாம் வாங்கிய டஜனைத் திருப்பிக் கொண்டுவந்தார். “அண்ணாச்சி, நுரை கறுப்பா வருது பாருங்க” என்று நனைத்துக் காட்டினார். மட்டமான முடிக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டேன். அவர் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மறுபடி என் கடைப் படி ஏறவும் இல்லை.

எனக்குப் போனது ஒரு வாடிக்கை. இதே மோசடி முன்பு உயிர்களையே வாங்கியிருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் பேட்ஜர் முடி வரத்து தடைப்பட்டது. மலிவான குதிரை முடியை பேட்ஜர் போலத் தோற்றம் கொடுத்துப் பிரஷ் செய்தார்கள். அந்த முடியில் சிலவற்றைச் சரியாகக் கிருமி நீக்கம் செய்யவில்லை. அதில் ஆந்த்ராக்ஸ் கிருமி இருந்தது. நம் ஊரில் மாடுகளுக்கு வருகிற அடைப்பான் நோய் என்கிறோமே, அதேதான். சவரம் செய்த கீறல் வழியாக அது உடலில் ஏறி, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் போர்வீரர்களும் பொதுமக்களும் நோயுற்றனர், இறந்தவர்களும் உண்டு. 1920ல் பிரிட்டன் ஜப்பானிய ஷேவிங் பிரஷ் இறக்குமதியையே தடை செய்தது.

இந்தக் கிருமியின் வித்து பல பத்து ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். சோப்பையும் வெந்நீரையும் நம்பி அதை ஒழித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. பழைய பிரஷ் மோகம் திரும்பியதைக் கண்டு, 2017ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் சஞ்சிகை இந்த வரலாற்றை மீண்டும் எடுத்துச் சொன்னது. ஆகவே என் முதல் விதி: 1930க்கு முற்பட்டது அல்லது வயது தெரியாதது என்றால், வெட்டாதீர்கள், துளையிடாதீர்கள், விற்காதீர்கள். குடும்ப ஞாபகம் என்றால் மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வயது தெரிந்த பிற்காலப் பிரஷ்களில் மட்டும் கை வையுங்கள்.

என் தகப்பனார் 1961ல் புதிதாக வாங்கிய தேக்குப் பிடிப் பிரஷை நான் செப்பனிட்ட முறை இது:

1. பிடி எதனால் ஆனது என்று பாருங்கள். தந்தம் என்றால் தொடவே வேண்டாம். 1991 சட்டத் திருத்தத்தின்படி, இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தமும் வியாபாரத்துக்கு ஆகாது. விரலால் அழுத்தித் தேய்த்தால் சூட வாசனை வந்தால் அது செல்லுலாய்ட். சட்டென்று தீப்பிடிக்கும், சூடு காட்டக் கூடாது.

2. முகத்தில் துணி கட்டி, தூசி பறக்காதபடி முடியை நனைத்து, பிடியை ஒட்டிக் கத்தரியுங்கள். பிடியைத் துணி சுற்றி வைஸில் பிடித்து, சிறிய துளைக் கம்பியில் தொடங்கிப் படிப்படியாகப் பெரியதற்குப் போய், பழைய அடிப்பிசினை எடுத்துவிடுங்கள். அவசரப்பட்டால் பிடியின் சுவர் உடையும்.

3. மரப்பிடியை 220, பிறகு 400 நம்பர் உப்புத்தாளால் மரத்தின் ரேகை வழியே தேய்த்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காய வையுங்கள். சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும்.

4. புதுக் குஞ்சம் தனியாகக் கிடைக்கிறது. என் துளை 23 மில்லிமீட்டர். 22 மில்லிமீட்டர் குஞ்சம் வாங்கினேன். ஆழமாக இறக்கினால் விறைப்பு, மேலே தூக்கி வைத்தால் மிருது. வாடிக்கையாளர் விருப்பத்துக்கு ஏற்பச் செய்வது இந்த இடத்தில்தான். தூக்க வேண்டுமானால் துளையின் அடியில் வாஷர் போடலாம். ஒட்டாமல் ஒருமுறை வைத்துப் பார்த்துத் திருப்தியான பிறகே ஒட்டுங்கள்.

5. இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸி பசையை அளவாகத் தடவி, முடியில் ஏறாமல் நேராக நிறுத்தி, 24 மணி நேரம் அசைக்காதீர்கள்.

பன்றி முடி ஆரம்பத்தில் முரடாக இருக்கும். நனைத்துப் பழகப் பழக நுனி பிளந்து மிருதுவாகும். நைலான் சீக்கிரம் உலரும், விலையும் குறைவு. எதுவானாலும் கொதிநீரில் போடக் கூடாது. உபயோகித்தபின் உதறிக் காற்றில் உலர்த்த வேண்டும்.

கடைசியாக, பில் எழுதும் முறை. நான் மூன்று வரி எழுதுகிறேன்: பிடி பழையது, இன்ன பொருள்; குஞ்சம் புதியது, இன்ன முடி; ஒட்டிய தேதி இன்னது. நைலானை நைலான் என்று எழுதினால் நாலு பேர் வாங்காமல் போகலாம். போகட்டும். வாங்குகிற ஐந்தாவது ஆள் அதைத் தினமும் காலையில் தன் முகத்தில் வைக்கப்போகிறார். சரக்கின் பெயரை மாற்றிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.