குடியேறிய பின் தொடங்கும் கடமை



வல்ல அல்லாஹ் நமக்களித்த நிஃமத்துகளில் குடியிருக்கும் வீடும் ஒன்று. வீட்டை நமக்கு அமைதி பெறும் இடமாக ஆக்கியதை அந்நஹ்ல் அத்தியாயத்தில் அவன் நினைவூட்டுகிறான். முதன்முதலாகச் சொந்த வீட்டில் குடியேறுகிறவர்கள் யாசீன் ஓதி, துஆச் செய்து, உறவினருக்கும் ஏழைகளுக்கும் உணவளித்து மகிழ்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அன்றோடு வீட்டு வேலை தீர்ந்துவிட்டதென்று எண்ணிவிடுகிறோம். வாடகை வீட்டில் குழாய் ஒழுகினால் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்வோம். இப்போது அந்த வீட்டுக்காரர் நாமேதான்.

இதில் நாமே தவறியதால்தான் இதை எழுத முற்பட்டோம். நம் வீட்டுக் குளியலறையில், சுவருக்குள் பதித்த குழாய் ஒன்று கசிந்திருக்கிறது. நம் பக்கம் டைல்ஸ் ஒட்டியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஈரமெல்லாம் மறுபுறம் இருந்த பக்கத்து வீட்டு மாமியின் அறைச் சுவரில் ஊறி, பூச்சு உதிர்ந்து கொண்டிருந்தது. ஒரு மழைக்காலம் முழுவதும் அவர் அதைச் சகித்திருக்கிறார். நம் வீட்டுப் பெண்கள் ஒருநாள் அங்கு சென்றபோதுதான் கண்டார்கள். ஓடிப்போய்க் கேட்டோம். "நீங்க ஆலிம்ஷா. உங்ககிட்டே வந்து இதை எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்" என்றார்.

அண்டை வீட்டாரின் உரிமை பற்றி மேடையில் எத்தனையோ முறை பேசிய நமக்கு அந்த ஒரு வார்த்தை பாடமாயிற்று. குழாயை மாற்றினோம். அவர் சுவரையும் பூசி வெள்ளையடித்துக் கொடுத்தோம். மன்னிப்பும் கேட்டோம். அடியாருக்குச் செய்த தீங்கை அந்த அடியார் பொறுத்தாலன்றோ அது தீரும்?

ஆகவே புதிதாக வீடு கண்டவர்கள் கவனிக்க வேண்டிய சிலவற்றை இங்கே சொல்கிறோம்.

தண்ணீர்த் தொட்டி

ஒளுவும் குளிப்பும் சமையலும் இதை நம்பியே நடக்கின்றன. மூடி உடைந்திருந்தால் எலியோ புறாவோ விழுந்து இறந்து கிடக்கும். ஷாஃபிஈ மத்ஹபில் நீர் இரண்டு குல்லத்து, அதாவது நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றேகால் முழமுள்ள தொட்டியின் அளவு இருந்து, நிறம், சுவை, வாடை மாறாதிருந்தால் நஜீஸாகாது. இது ஏறத்தாழ 200 லிட்டர். 500 லிட்டர் தொட்டி நிறைந்திருக்கும்போது இந்த அளவைத் தாண்டும். அடியில் கொஞ்சம் நீர் கிடக்கும்போது தாண்டாது. ஹனஃபீ மத்ஹபிலோ வீட்டுத் தொட்டி சிறிய நீர்நிலையே. நீரைக் கொட்டித் தொட்டியைக் கழுவியாக வேண்டும். எந்த மத்ஹபினரானாலும் அந்த நீர் குடிக்கத் தகுந்ததன்று.

மூடியைச் சரியாக வைத்திருந்தால் இத்தனை மஸ்அலாவும் எழாது. இரவில் பாத்திரங்களை மூடிவைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். மொட்டை மாடித் தொட்டியும் பாத்திரந்தானே! டெங்குவைப் பரப்பும் கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே சிறு பாத்திரங்களை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். பெரிய தொட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கழுவுங்கள். கிணற்று நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுப் பயன்படுத்தலாம்.

குழாய்

நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் ஒரு நாளில் 10 லிட்டருக்கு மேல் வீணாக்கிவிடும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில், அதாவது முக்கால் லிட்டருக்கு மேற்படாத நீரில், ஒளுச் செய்திருக்கிறார்கள். பன்னிரண்டு ஒளுவுக்கான நீர் ஒரு வாஷருக்காக வீணாகலாமா? சுவருக்குள் கசிவு உண்டா என்று அறிய எளிய வழி உண்டு. இரவில் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டுத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. இதை அன்றே நாம் செய்திருந்தால் மாமியின் சுவர் தப்பியிருக்கும்.

மாடி

ஐப்பசி மழைக்கு முன் மாடியில் ஏறிப் பாருங்கள். மழைநீர்க் குழாயின் வாயில் சருகு அடைத்திருந்தால் நீர் தேங்கிக் கூரைக்குள் இறங்கும். உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் காரையைப் பெயர்த்துவிடும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைச் சிறிதாயிருக்கும்போதே வேரோடு எடுங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக் குழியையும் தூர்வாருங்கள். நம் மாடி நீர் அடுத்தவர் முற்றத்தில் விழலாகாது.

கழிவுநீர்த் தொட்டி

நிரம்பி வழியும்வரை காத்திராமல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்கச் செய்யுங்கள். எக்காரணங்கொண்டும் ஒரு மனிதரை உள்ளே இறக்காதீர்கள். உள்ளிருக்கும் விஷவாயு சில நொடிகளில் உயிரைக் குடித்துவிடும். காப்பாற்ற இறங்கியவரும் மாண்டிருக்கிறார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடுத்திருக்கிறது. சட்டம் இல்லாவிடினும், லாரிக் கூலியை மிச்சம் பிடிக்க ஓர் உயிரைப் பணயம் வைக்க மார்க்கம் அனுமதிக்குமா?

மின்சாரமும் அடுப்பும்

குழாயையோ ஈரச்சுவரையோ தொட்டு 'ஷாக்' அடித்தால் மெயினை நிறுத்திவிட்டு மின்பணியாளரை அழையுங்கள். எர்த் கசிவைத் துண்டிக்கும் சாதனம் 30 மில்லி ஆம்பியர் அளவில் இருக்கட்டும். அதிலுள்ள சோதனைப் பித்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். உறங்கப் போகுமுன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது இன்றைய கேஸ் அடுப்புக்கும் பொருந்தும். சிலிண்டர் வால்வை அடைத்துவிட்டே படுங்கள்.

இவற்றையெல்லாம் நினைவில் வைப்பது சிரமமெனில், ஒரு நோட்டில் எழுதி, செய்த தேதியைக் குறித்து வையுங்கள். மாதம் ஒரு சிறு தொகையும் இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். கூடவே ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "எங்கள் வீட்டால் உங்களுக்கு ஏதும் தொந்தரவு உண்டா?" என்று நீங்களே கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள் என்பதை நாம் அனுபவத்தில் அறிந்துகொண்டோம்.

நம் இல்லங்களை நமக்கு நிம்மதியாகவும் அண்டையாருக்குத் தீங்கற்றதாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.