சொல்லாததை வரையுங்கள்

குழந்தைகளுக்கான படப் புத்தகங்களுக்கு ஓவியம் போட ஆசை என்று வருகிறவர்களிடம் நான் பழைய படங்களைக் கேட்பதில்லை. ஒரு வரியைக் கொடுப்பேன்: 'மீனு ஆற்றுக்கு ஓடினாள்.' இதற்கு ஒரு படம் போடுங்கள் என்பேன்.

பெரும்பாலும் ஓர் ஆறு, ஓடும் சிறுமி, கரையில் தென்னை என்றுதான் வரும். கோடு சுத்தமாக இருக்கும், வண்ணமும் அழகாக இருக்கும். ஆனால் வரி சொன்னதையே படமும் சொல்லிவிட்டு நின்றுவிடும். ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி போட்டார். வாசற்படியில் ஒற்றைச் செருப்பு. திண்ணையில் தட்டு, அதில் பாதி இட்லி. தெருக்கோடியில் புள்ளியாக மீனு. மிச்ச இட்லியைக் கவ்விக்கொண்டு அவள் பின்னால் ஒரு நாய்க்குட்டி. நாயைப் பற்றி அந்த வரியில் ஒரு சொல்கூட இல்லை. நம் வேலை அந்த நாய்க்குட்டியில்தான் இருக்கிறது.

இதைக் கற்க ஒரே ஒரு புத்தகம் போதும் என்றால், பாட் ஹச்சின்ஸ் 1968இல் எழுதி வரைந்த 'ரோஸிஸ் வாக்' என்பேன். ஒரு கோழி பண்ணையைச் சுற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்புகிறது. மொத்தமே 32 சொற்கள், ஒரே வாக்கியம். பின்னாலேயே ஒரு நரி பாய்வதும் அடிபடுவதும் முழுக்க முழுக்கப் படத்தில் மட்டுமே. வாசித்துக் காட்டும் பெரியவருக்குக் கோழிதான் கதை. மடியில் இருக்கும் குழந்தைக்கு நரி.

அடுத்தது காகிதக் கணக்கு. படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம் இருப்பதற்குக் காரணம் அச்சுத்தாள். தாளின் ஒரு முகத்தில் 8 பக்கம், மறுமுகத்தில் 8. மடித்து வெட்டினால் 16 பக்கம், அதாவது ஒரு பாரம். இரண்டு பாரம் சேர்ந்தால் 32. தலைப்பு, பதிப்புரிமைப் பக்கங்கள் போகக் கதைக்குக் கிடைப்பது சுமார் 12 முதல் 14 இரட்டைப்பக்கங்கள்தான். அதனால் வண்ணத்தைத் தொடும் முன் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் முழுக் கதையையும் பென்சிலில் போட்டுவிடுங்கள். பிறகு தாளை மடித்து, நடுவில் பின் அடித்து, ஒரு டம்மி செய்து புரட்டிப் பாருங்கள். கதவு தட்டப்படும் ஓசை வலப்பக்கத்தில் முடிய வேண்டும். கதவுக்குப் பின்னால் நிற்பது யார் என்பது பக்கத்தைத் திருப்பினால்தான் தெரிய வேண்டும். கணினித் திரையில் பார்த்தால் இந்தத் திருப்பம் பிடிபடாது, கையால் புரட்ட வேண்டும்.

என் முதல் புத்தகத்துக்கு டம்மி செய்யாமல் விட்டேன். நாயகியின் முகத்தை இரட்டைப்பக்கத்தின் நட்டநடுவில் வைத்திருந்தேன். அச்சாகி வந்தபோது மூக்கு முழுவதும் பைண்டிங்குக்குள் போயிருந்தது. ஒரு வருட உழைப்பு. இன்றும் அந்தப் பக்கத்தைத் திறக்க மனசு வராது. அதனால்தான் சொல்கிறேன்: நடுமடிப்பில் முகமோ கையோ எழுத்தோ வேண்டாம். வெட்டு ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வண்ணம் ஓடட்டும். கோப்பு அச்சு அளவிலேயே 300 டிபிஐ இருக்கட்டும். திரையில் பளீரென்று மின்னும் பச்சை, சிஎம்ஒய்கே அச்சில் மங்கித்தான் வரும்.

வாய்ப்பு எங்கே? சென்னையிலேயே தூலிகா, தாரா புக்ஸ் என்ற பதிப்பகங்கள் இருக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே புரட்டிப் பார்த்துப் படிக்கலாம். அனுப்பும்போது பத்துப் படம் போதும். சாமி படங்களும் நடிகர் முகங்களும் வேண்டாம். ஒரே குழந்தை கோபத்தில், தூக்கத்தில், ஓட்டத்தில் எப்படி இருக்கும் என்று காட்டுங்கள். வகிடு எந்தப் பக்கம் என்பது மாறவே கூடாது. மாறினால் முதலில் கண்டுபிடிப்பது வாசகக் குழந்தைதான்.

வேலை கிடைத்த சந்தோஷத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை மாற்றித்தர எழுத்து வடிவ ஒப்பந்தமும் உங்கள் கையெழுத்தும் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 'எல்லா உரிமைகளும் நிரந்தரமாக' என்று எழுதியிருந்தால் இந்த 5 ஆண்டுப் பாதுகாப்பு கிடைக்காது. அதற்கு ஏற்ற தொகையைக் கேளுங்கள், அல்லது அந்த வரியை மாற்றச் சொல்லுங்கள். திருத்தங்கள் பென்சில் கட்டத்தில் இரண்டு முறை என்று நான் முன்பே எழுதி வாங்கிவிடுவேன்.

கடைசியாக ஒரு தொழில் நுணுக்கம். ஒரே படம் தமிழ், இந்தி, ஆங்கிலப் பதிப்புகளுக்கும் போகும். மொழி மாறும்போது அச்சகத்தில் கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் செலவு குறையும். எனவே எழுத்து வரும் இடம் வெளிர் நிறத்தில் இருக்கட்டும், எழுத்து கறுப்பில் வரட்டும். தமிழ்ச் சொற்கள் நீளம், ஆங்கிலத்துக்குத் தேவைப்படுவதைவிட அகலமாகவே இடம் விடுங்கள். மீனுவின் தெருவில் டீக்கடை வரைந்தால் பலகையைக் காலியாக வைத்து, பெயரைத் தனி லேயரில் கொடுத்துவிடுங்கள்.