பார்கோடு அச்சடிக்கப் போகும் தங்கைக்கு



கல்லூரி நூலகத்துப் புத்தகங்களுக்கெல்லாம் பார்கோடு போடும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். டேபிளில் அக்செஷன் நம்பர், அதாவது நூலகம் ஒவ்வொரு பிரதிக்கும் தரும் வரிசை எண், இருக்கிறது, அதை எடுத்துக் கோடுகளாக்கி ஸ்டிக்கர் தாளில் அச்சடிக்க எந்த மென்பொருள் நல்லது என்பது உன் கேள்வி. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். கோடு வரைவதுதான் இந்த வேலையிலேயே சுலபமான பகுதி.

டேட்டாபேஸில் ஒரு பிழை என்றால் ஒரே வரியில் திருத்திவிடலாம். அதே எண் பசைத்தாளில் அச்சாகி, புத்தகத்துக்குள் ஒட்டப்பட்டு, யாரோ ஒரு மாணவரின் விடுதி அறைக்குப் போய்விட்டால் அதைத் திருத்த எந்த வரியும் கிடையாது. அதனால் பிரிண்டரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அந்த எண் இருக்கும் ஃபீல்டை உட்கார்ந்து பார்.

அது இன்டிஜரா, டெக்ஸ்டா? இன்டிஜர் என்றால் 004217 உள்ளே போய் 4217 ஆகத் திரும்பி வரும். ஸ்கேனர் அனுப்புவது எழுத்து வரிசை. அதற்கு, முன்னால் நிற்கும் பூஜ்யமும் ஓர் எழுத்துதான். கூட்டவோ கழிக்கவோ போகாத எண்ணை டெக்ஸ்டாகவே வை. பழைய பட்டியல் எக்செல்லில் வந்தால் இன்னும் கவனம்: 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண் அங்கே 9.78-ல் தொடங்கும் அறிவியல் குறியீடாகச் சுருங்கி நிற்கும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் மிச்ச இலக்கங்கள் போனதுதான்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பிழை. நீளம் நிலையாக வைக்கப்பட்ட ஃபீல்டுகள் மதிப்பின் பின்னால் வெற்றிடங்களை நிரப்பிக்கொள்ளும். கோட் 128 என்ற பார்கோடு வகை வெற்றிடத்தையும் ஓர் எழுத்தாக எண்ணிக் கோடு போடும். லேபிளில் கீழே அச்சாகும் எண்ணைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஸ்கேன் செய்தால் புத்தகம் அகப்படாது. பின்வெற்றிடத்தைச் சில டேட்டாபேஸ்கள் பொருட்படுத்தாது, சில பொருட்படுத்தும். ஆகவே உன் கணினியில் ஓடியது கவுன்ட்டரில் ஓடாமல் போகும். பின்வெற்றிடத்தை வெட்டிவிட்டு அச்சடி. கோடுகளையும் கீழே வரும் எண்ணையும் ஒரே மதிப்பிலிருந்து எடு, இரண்டு ஃபீல்டுகளிலிருந்து எடுக்காதே.

புத்தகத்தின் பின்னட்டையில்தான் ஏற்கெனவே பார்கோடு இருக்கிறதே என்று நிர்வாகத்தில் யாராவது கேட்பார்கள். அது பதிப்புக்கு உரியது. ஒரே நூலின் ஐந்து பிரதிகளிலும் அதே எண்தான் இருக்கும். எந்தப் பிரதி யாரிடம் இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. உனக்கு வேண்டியது பிரதிக்கு ஓர் எண். நம் ஊர்க் கல்லூரிகள் பலவும் பயன்படுத்தும் கோஹா என்ற நூலக மென்பொருளில் பார்கோடு ஃபீல்டு பிரதிகளின் டேபிளில் இருக்கிறது. 20 எழுத்து வரை கொள்ளும் டெக்ஸ்ட். ஒரே மதிப்பு இரண்டு முறை வரமுடியாதபடி யூனிக். யோசித்துச் செய்தவர்கள்.

துறைப் பெயர், வாங்கிய ஆண்டு, அலமாரி எல்லாவற்றையும் எண்ணுக்குள்ளேயே திணிக்கச் சொல்வார்கள். பணிவாக மறுத்துவிடு. துறை பிரியும், அலமாரி மாறும், லேபிள் மட்டும் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். அந்த விவரங்களுக்குத்தான் தனித்தனி ஃபீல்டுகள் இருக்கின்றன.

வெறும் இலக்கமாக வைப்பதில் இடமும் மிச்சம். ஏ4 தாளுக்கு 65 ஸ்டிக்கர் என்றால் ஒன்று 38.1 மில்லிமீட்டர் அகலம், 21.2 உயரம். மெல்லிய கோட்டின் அகலத்தை 0.25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். 1974-ல் வந்த கோட் 39-ல், தடித்த கோடு மெல்லியதைப்போல் மூன்று மடங்கு என்றால், 8 எழுத்துக்கே 39.75 மில்லிமீட்டர் ஆகிவிடும், ஸ்டிக்கரில் அடங்காது. 1981-ல் வந்த கோட் 128-ல் அதே 8 எழுத்து 30.75. எட்டுமே இலக்கம் என்றால் இரண்டிரண்டாகச் சேர்த்து அடுக்கும் சி தொகுதியில் 19.75. இருபுறமும் பத்துப் பத்து மெல்லிய கோட்டளவு வெள்ளை இடம் விட வேண்டும், அதாவது மொத்தம் 5 மில்லிமீட்டர். அந்த வெள்ளையைக் கல்லூரிச் சின்னத்துக்குத் தாரை வார்த்துவிடாதே. கோடு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனருக்குச் சொல்வது அதுதான்.

உயரத்தில் தாராளமாகக் கை வைக்கலாம். ஜோசப் உட்லண்ட் மியாமி கடற்கரை மணலில் மோர்ஸ் புள்ளிகளையும் கோடுகளையும் கீழ்நோக்கி விரலால் இழுத்துப் பார்த்ததிலிருந்து பிறந்த யோசனைதான் பார்கோடு. பெர்னார்ட் சில்வரோடு சேர்ந்து அவர் பெற்ற காப்புரிமை 1952-ல் வந்தது. இழுத்து நீட்டியதால் உயரம் முழுக்க ஒரே செய்திதான் திரும்பத் திரும்ப நிற்கிறது. பாதி கிழிந்த லேபிளையும், குறுக்கே முழுதாக ஒரு கீற்று மிஞ்சினால், ஸ்கேனர் படித்துவிடும். அகலத்தில் அந்தச் சலுகை கிடையாது.

பிரிண்டருக்கு வருவோம். 203 டிபிஐ தெர்மல் பிரிண்டர் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வைக்கும். 0.25 என்றால் சரியாக 2 புள்ளி. 0.3 கேட்டால் 2.4, பாதிப் புள்ளி வைக்க அதற்குத் தெரியாது, சில கோடு 2, சில கோடு 3 என்று விழும். கோட்டின் அகலத்தை எப்போதும் புள்ளிகளில் எண்ணு. படமாக உருவாக்கி மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குவதும் இதே கோளாறுதான். லேசரில் ஏ4 தாள் போடுகிறாய் என்றால் பிரிண்ட் பெட்டியில் "ஃபிட் டு பேஜ்" இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடு. 97 சதவீதமாகச் சுருங்கினால் 13 வரிசைகளின் நீளத்தில் 8 மில்லிமீட்டர் காணாமல் போய், ஓர வரிசைகள் ஸ்டிக்கரை விட்டு வெளியே நடக்கும். கோடுகளைக் கல்லூரி வண்ணமான சிவப்பில் கேட்டால் முடியாது என்று சொல். பல ஸ்கேனர்களின் ஒளியே சிவப்பு. அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான்.

நேரடி வெப்பத்தில் அச்சாகும் தாள் வேண்டாம். சட்டைப்பையில் கிடந்த பஸ் டிக்கெட் மாதிரி வெளுத்துவிடும். ரிப்பன் போட்ட அச்சோ லேசரோ நூலகத்துக்கு உதவும்.

எண் வழங்கும் இடத்தில், இருப்பதிலேயே பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டும் வழக்கத்தை விட்டுவிடு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனைத் தட்டினால் இருவருக்கும் ஒரே எண் போகும். சீக்வென்ஸ் வைத்து, டேபிளிலும் யூனிக் போடு. கிழிந்த லேபிளுக்குப் பதில் அச்சடிக்கும்போது பழைய எண்ணே வரவேண்டும். கழித்துவிட்ட புத்தகத்தின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கவே கூடாது. யார், எப்போது, எந்த எண்ணை அச்சடித்தார் என்று தனி டேபிளில் குறித்துவை.

பார்கோடு ஃபான்ட் போதுமே என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். கோட் 39-க்கு ஓரளவு போதும், முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி வைத்தால். கோட் 128-ல் ஒவ்வோர் எழுத்தின் மதிப்பையும் அதன் இடத்தால் பெருக்கி, தொடக்கக் குறியின் மதிப்போடு கூட்டி, 103-ஆல் வகுத்த மீதியைச் சோதனை எழுத்தாகச் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கை ஃபான்ட் போடாது.

முதல் தாளை உன் போனில் சோதிக்காதே. போன் கேமரா மோசமான அச்சையும் படித்துத் தொலைக்கும். கவுன்ட்டரில் இருக்கும் பழைய ஸ்கேனரை வாங்கி, நோட்பேடில் ஒவ்வொன்றாகப் படிக்கவிட்டு, வந்ததை டேபிளோடு ஒப்பிடு. அந்தக் கணினியில் தமிழ்99 விசைப்பலகையைப் போட்டும் ஒருமுறை படித்துப் பார். பெரும்பாலான ஸ்கேனர்கள் கணினிக்குத் தங்களை விசைப்பலகையாகத்தான் காட்டிக்கொள்கின்றன. லேபிளில் ஆங்கில எழுத்து இருந்தால் அது தமிழாகவோ வேறெதுவாகவோ போய் விழும், இலக்கங்கள் இலக்கங்களாகவே வரும். நூலகரிடம் இலக்கம் மட்டும் போதும் என்று பேசப் போகும்போது அந்தத் திரையையே காட்டு.

அன்புடன்,
அண்ணன்