நாற்றுப் பையிலேயே வேர் பலப்படட்டும்

மழைக்காலத்தில் நட்ட கன்றுகளில் பல, கோடை வருவதற்குள் கருகிவிடுவதை நாம் பார்க்கிறோம். தண்ணீர் இல்லாதது மட்டும் காரணமல்ல. பையில் இருக்கும்போதே வேர் பிடிக்காத கன்று வெளி மண்ணில் தாங்காது. வேருக்கு உதவும் பாக்டீரியாக்கள் வேளாண் விரிவாக்க மையங்களில் பொட்டலமாகக் கிடைக்கின்றன. வீட்டில் நாற்று வளர்த்து விற்கும் சகோதரிகளுக்கு இது பெரிய செலவல்ல.

எந்த மரத்துக்கு எது என்பதுதான் முக்கியம். புங்கன், வாகை போன்ற பயறு இன மரங்களின் வேரில் முடிச்சு உண்டாக்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவது ரைசோபியம். வேம்பின் வேரில் அது முடிச்சிடாது. வேம்புக்கு அசோஸ்பைரில்லமும், மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவும் ஏற்றவை. சவுக்குக்கு பிராங்கியா என்று தனியாக ஒன்று இருக்கிறது. நல்ல சவுக்கு மரத்தின் வேர் முடிச்சுகளை நசுக்கி, நீரில் கரைத்து நாற்றுக்கு ஊற்றுவதும் உண்டு.

ஆறிய அரிசிக் கஞ்சியில் தூளைக் கலந்து விதையைப் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். முளைத்த கன்றானால் மட்கிய தொழு உரத்தோடு கலந்து பையில் இடலாம். இவை உயிருள்ளவை. வெயிலில் கிடந்த பொட்டலமும் காலாவதியானதும் வெறும் தூள்தான். தேதி பார்த்து வாங்குங்கள். பூஞ்சாணக் கொல்லியோடும் ரசாயன உரத்தோடும் கலக்காதீர்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு விழுவதே குறைந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புங்கங்கன்றைப் பிடுங்கி, முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் புதுப் பொட்டலம் வாங்கி மறுபடி இடுங்கள்.