நிழல் விழும் அந்த நேரம்

கேள்வி: வேற்றுக்கிரகவாசிகள் படையெடுக்கும் பிரம்மாண்டப் படங்களில் கதை ஒன்றேதான். ஆனாலும் கூட்டம் அலைமோதுகிறதே, ஏன்?

பதில்: சண்டைக்கு முன்னால் வரும் அந்தக் காத்திருப்புக்காக! 1996-இல் வந்த ‘இண்டிபெண்டன்ஸ் டே’ படத்தில், நியூயார்க் தெருக்களின்மேல் ராட்சத நிழல் மெல்லப் பரவும். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அப்படியே அண்ணாந்து நிற்பார்கள். என்னைக் கேட்டால் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பணக்காரன், ஏழை, ஜனாதிபதி எல்லாருக்கும் ஒரே பயம். அப்புறம் வெள்ளை மாளிகை சிதறும். சிறிய மாதிரி ஒன்றைக் கட்டி, நிஜமாகவே வெடிக்கவைத்து, அதிவேக கேமராவில் பிடித்த காட்சி அது. அந்தத் தீயும் தூசியும் இன்றைக்கும் நம்பவைக்கின்றன. முடிவு மட்டும் பழசு: 1898-இல் வெளிவந்த நாவலில் எச்.ஜி. வெல்ஸ் செவ்வாய்க்காரர்களைக் கிருமியால் வீழ்த்தினார், இந்தப் படத்தை எடுத்தவர்கள் தங்கள் வேற்றுக்கிரகவாசிகளைக் கம்ப்யூட்டர் வைரஸால் வீழ்த்தினார்கள்.