பாறைகளின் தோற்றமும் வயல் மண்ணும்

மண் பாறையிலிருந்து பிறப்பது. ஆதலின் தம் நிலத்தடியிற் கிடக்கும் பாறை எவ்வகையது என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று. பாறைகள் மூவகைப்படும்.

1. தீப்பாறை: பூமியின் ஆழத்திலுள்ள உருகிய கற்குழம்பு குளிர்ந்து இறுகுவதால் உண்டாவது. எப்பாவளையில் 1971 ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட பொசுபேற்றுப் படிவு இவ்வகைப் பாறையிற் பிறந்ததே. அது மெதுவாகக் கரைவதால் தென்னை முதலிய நீண்டகாலப் பயிர்களுக்கு ஏற்றது. சில மாதங்களில் அறுவடையாகும் நெல்லுக்கும் மரக்கறிக்கும் உடன் பயன் தராது.

2. அடையற் பாறை: நீரடியிற் படிந்த மணல், சேறு, சிப்பி ஓடு முதலியன இறுகி உண்டாவது. யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் இவ்வகையது.

3. உருமாறிய பாறை: பழைய பாறைகள் மிகுந்த வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் மாறியவை. இலங்கையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிலத்தின் அடியில் இவையே உள்ளன.

கொழும்புப் பகுதியின் அடிப்பாறையும் மூன்றாம் வகையதே. நெடுங்கால மழை அதிலுள்ள சுண்ணம் முதலிய சத்துக்களைக் கரைத்துச் சென்றது. இரும்பும் அலுமினியமும் எஞ்சின. அவ்வாறு உண்டானதே கபுக் கல். கொட்டாஞ்சேனையை அடுத்து 1757 இல் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயச் சுவர்களிலும் இக்கல்லைக் காணலாம்.

சுவருக்கு நன்மை தரும் இவ்விரும்பு வயலுக்குத் தீங்காதலும் உண்டு. கபுக் மேட்டிலிருந்து கசியும் நீர் தாழ்ந்த வயலிற் சேரும். நீர் தேங்கிக் காற்றுப் புகாத சேற்றில் இரும்பு கரைந்து வேருக்கு நஞ்சாகும். முதிர்ந்த இலைகளின் நுனியிற் கபிலப் புள்ளிகள் தோன்றிப் பின் இலை முழுதும் பரவும். வேரிற் செந்நிறப் படலம் படியும். நீரின்மேல் எண்ணெய்போன்ற ஆடை மிதக்கும். இதனை நோயெனக் கருதி மருந்து தெளிப்பது வீண் செலவு.

செய்யவேண்டியவை:

- மேட்டின் அடிவாரத்தில் வாய்க்கால் வெட்டிக் கசிவு நீரை வயலுக்கு வெளியே செலுத்துக.
- இடையிடையே வயல் நீரை வடித்து மண்ணிற் காற்றுப் புகச் செய்க.
- பொட்டாசியப் பசளையைக் குறைக்காது இடுக.
- பொம்புவளை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட, இரும்பு நஞ்சைத் தாங்கும் நெல்லினங்களைத் தெரிந்து விதைக்க.

மேட்டு நில மரக்கறித் தோட்டங்களில் மண் புளிப்பாயிருப்பின் தொலமைற்றுத் தூள் இடலாம். யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல் நிலத்திற்கோ அது பொதுவாக வேண்டியதில்லை. எத்தூளையும் வாங்குமுன் மண்ணைப் பரிசோதிப்பித்து, விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறுக.