வேடமும் வெட்டுக்கத்தியும்

நம்பிக்கை: ஆன் போனியும் மேரி ரீடும் ஆண் வேடமிட்டுக் கொள்ளைக் கப்பலில் ஏறினார்கள். அவர்கள் பெண்கள் என்பது யாருக்கும் தெரியாது.

உண்மை: ஊருக்கே தெரியும். 1720 ஆகஸ்டில் இவர்கள் இருந்த ஜாக் ரேக்கமின் கொள்ளைக் கூட்டம் பஹாமாஸின் நாசோ துறைமுகத்திலிருந்து 'வில்லியம்' என்ற சிறிய பாய்க்கப்பலைத் திருடிக்கொண்டு கிளம்பியது. செப்டம்பரிலேயே ஆளுநர் வூட்ஸ் ரோஜர்ஸ் இவர்களைத் தேடி அறிவிப்பு வெளியிட்டார். அதில் இருவர் பெயரும், பெண்கள் என்ற குறிப்போடு இருக்கிறது. கரையிலிருந்த அரசாங்கத்துக்கே தெரிந்த சங்கதி, பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்துக் கிடந்த கப்பலுக்குள் தெரியாமலா போயிருக்கும்?

இவர்கள் பிடிபட்ட பிறகு நவம்பர் 28 அன்று ஜமைக்காவில் நடந்த விசாரணை இதை இன்னும் தெளிவாக்குகிறது. தோணியில் சாமான்களோடு போய் இவர்களிடம் சிக்கிய டோரதி தாமஸ் என்ற பெண் சாட்சி சொன்னார். இருவர் உடலிலும் ஆண்களின் மேற்சட்டை, நீளக் காற்சட்டை, தலையில் கட்டிய துணி, கையில் வெட்டுக்கத்தியும் துப்பாக்கியும். ஆனாலும் மார்பைப் பார்த்தே பெண்கள் என்று தெரிந்துகொண்டாராம். இவளை விட்டால் நமக்கு எதிராகச் சாட்சி சொல்வாள், கொன்றுவிடுங்கள் என்று ஆண்களை ஏசியதும் அந்த இருவர்தான். பயந்தது சரியாகத்தான் போயிற்று. இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் சாட்சி சொன்னார்கள்: வேறு கப்பலைத் துரத்தும்போது மட்டும் ஆண் உடை, மற்ற நேரங்களில் பெண் உடை, ஆன் போனி ஆண்களுக்கு வெடிமருந்து எடுத்துக் கொடுத்தார். ஆக, அது வேடமல்ல, வேலைக்கான உடுப்பு.

அப்படியானால் ரகசியக் கதை எங்கிருந்து வந்தது? 1724இல் கேப்டன் சார்லஸ் ஜான்சன் என்ற பெயரில் லண்டனில் வெளியான கடற்கொள்ளையர் வரலாற்று நூலிலிருந்து. மேரியை வாலிபன் என்று எண்ணி ஆன் மயங்கினார் என்ற கதையும், இருவரின் இளமைக்காலக் கதைகளும் அதில்தான் வருகின்றன. அடுத்த ஆண்டின் டச்சுப் பதிப்பு ஒருபடி மேலே போய், இருவரையும் மார்பு திறந்த கோலத்தில் வரைந்தது. விற்பனை தெரிந்த பதிப்பாளர்!

நம்பிக்கை: கரீபியக் கடலையே நடுங்க வைத்தவர்கள்.

உண்மை: 'வில்லியம்' கப்பலில் அவர்கள் ஓடிய காலம் ஏறக்குறைய இரண்டே மாதம். ஒரு நாள் கொள்ளையில் சிக்கியவை 7 மீன்பிடிப் படகுகள். அவற்றிலிருந்த மீனுக்கும் வலை சாமான்களுக்கும் நீதிமன்றம் போட்ட மதிப்பு 10 பவுண்டு.

நம்பிக்கை: இருவரையும் தூக்கில் போட்டார்கள்.

உண்மை: தூக்கில் தொங்கியது ரேக்கம். பெண்களுக்கும் மரண தண்டனைதான் விதித்தார்கள். கர்ப்பமாக இருப்பதாக இருவரும் சொன்னதால் அது தள்ளிப்போனது. மேரி சிறையில் இறந்தார். 1721 ஏப்ரலில் அவரைப் புதைத்ததற்குப் பதிவு உண்டு. ஆன் போனியைத் தூக்கிலிட்டதாக எந்தப் பதிவும் இல்லை.

நம்பிக்கை: கடுமையான கப்பல் சட்டங்களை எழுதியவர் சீனத்துக் கடற்கொள்ளைத் தலைவி ஜெங் யி சாவோ.

உண்மை: 1830இல் வந்த சீன நூல் அந்தச் சட்டங்களை அவருடைய தளபதி ஜாங் பாவ் பெயரில்தான் சொல்கிறது. அதனால் இந்த அம்மாவுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. 1807இல் கணவர் இறந்ததும் பல்லாயிரம் பேர் கொண்ட கொள்ளையர் கூட்டணியைக் கைக்குள் வைத்திருந்தவர். சரணடைவதற்காக அரசோடு நடந்த பேச்சுவார்த்தை முறிந்துபோன நிலையில் 1810 ஏப்ரலில் ஆயுதமின்றிப் பெண்களையும் குழந்தைகளையும் மட்டும் அழைத்துக்கொண்டு குவாங்ஜோவுக்குப் போய், ஆளுநரிடம் தானே பேரம் பேசினார். கூட்டத்தில் பெரும்பாலோருக்கு மன்னிப்புக் கிடைத்தது. ஜாங் பாவுக்குக் கடற்படையில் அதிகாரி பதவியும் கிடைத்தது.